அயான் ஸ்டார்ம்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகரில், 1996ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றி, ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்குள் மறைந்த வீடியோ கேம் ஸ்தாபனம். 'டூம்', 'குவேக்' ஆகிய விளையாட்டுகளால் பிரசித்தி பெற்ற ஜான் ரொமேரோ, இட் சாப்ட்வேர் நிறுவனத்தை விட்டு விலகியபின், பழைய சகாவான டாம் ஹால் முதலியோருடன் கூடி இதனை ஆரம்பித்தார். அவருடைய கீர்த்தியை நம்பி, பிரிட்டிஷ் வெளியீட்டாளரான ஐடோஸ் நிறுவனம் பெருந்தனத்தை முதலீடு செய்தது.

நகர மத்தியிலுள்ள வானளாவிய கட்டடமொன்றின் 54ஆவது மாடியில், சுமார் 22,000 சதுர அடிப் பரப்பில், கண்ணாடிக் கூரையோடு அலுவலகம் அமைந்தது. அக்கூரை வழியே பாய்ந்த வெயிலில் கணினித் திரைகள் கண்ணுக்குப் புலப்படாமற்போகவே, ஊழியர்கள் தத்தம் தடுப்பறைகளின் மேல் கறுப்புத் துணியை விரித்துக்கொண்டு, அந்த இருளில் அமர்ந்து வேலை செய்தனர். ஆடம்பரத்தை முன்னும் உழைப்பவரின் சௌகரியத்தைப் பின்னும் வைத்த நிர்வாகத்தின் சுபாவம் இங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

ரொமேரோவின் 'டைகட்டானா' என்னும் விளையாட்டு 1997ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு வெளிவரும் என்று வாக்களிக்கப்பட்டது. நான்கு வெவ்வேறு யுகங்களில் நிகழும் கதை. யுகந்தோறும் புதிய ஆயுதங்கள், புதிய பகைவர்கள். ஆட்டக்காரரோடு கூடவே நடந்து போரிடும் துணைவர் இருவர். இத்துணை விஸ்தாரமான திட்டத்தை ஓராண்டுக்குள் முடிக்க இயலும் என்று எண்ணியதே முதற்பிழை. 'குவேக்' எஞ்சின்மீது, அதாவது அவ்விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்மீது, வேலை நடந்துகொண்டிருக்கையில், 1997ஆம் ஆண்டு ஈ3 கண்காட்சியில் 'குவேக் 2' காட்டிய வனப்பைக் கண்டு, புதிய எஞ்சினுக்கு மாறத் தீர்மானித்தனர். அதன் நிரலோ மறு ஆண்டுதான் கைக்கு வந்தது. வந்தபின், அதுவரை எழுதியவற்றுள் பெரும்பகுதியை மீண்டும் எழுத நேர்ந்தது. இதற்கிடையே, வாசகரை இழிசொல்லால் அழைத்த ஒரு விளம்பரம் வெளியாகி, ரசிகர்களின் அபிமானத்தைப் பெரிதும் குலைத்தது.

1998 நவம்பரில் 'டைகட்டானா' குழுவினர் பலர் ஒருங்கே விலகினர். அவர்களை நன்றியற்றவர் எனல் நியாயமன்று. நாள் குறித்துக் குறித்துத் தள்ளிப்போட்ட வேலையில் இரவு பகலாக உழைத்துச் சோர்ந்தவர்கள் அவர்கள். 1999 ஜனவரியில் 'டல்லாஸ் அப்சர்வர்' பத்திரிகை, பங்காளிகளின் பூசலை அவர்களுடைய மின்னஞ்சல்களைக் கொண்டே அம்பலப்படுத்தியது. 2000 மே மாதம் விளையாட்டு வெளிவந்தபோது, தொழில்நுட்பம் பழமைப்பட்டிருந்தது. துணைவர் இருவரும், உதவுவதை விடுத்து, ஆட்டக்காரர் ஓயாது காப்பாற்ற வேண்டிய பாரமாயினர்.

அடுத்த மாதமே, இந்த ஸ்தாபனத்தின் ஆஸ்டின் கிளையில் வாரன் ஸ்பெக்டர் தலைமையில் உருவான 'டியஸ் எக்ஸ்' வெளிவந்து பெரும்புகழ் எய்தியது. பெயரும் முதலீடும் இரண்டு ஊருக்கும் பொதுவாயிருக்க, பலன் மட்டும் வேறுபட்டமைக்கு, டல்லாஸின் பூசலுக்கு எட்டாத தொலைவில் ஸ்பெக்டர் தம் குழுவைத் தனியே நடத்தியதே முக்கிய காரணம் எனலாம். டாம் ஹாலின் 'அனக்ரநாக்ஸ்' வெளிவந்த சில வாரங்களில், 2001 ஜூலையில், டல்லாஸ் அலுவலகம் மூடப்பட்டது. ஆஸ்டின் கிளை 2005 பிப்ரவரி வரை நீடித்தது. 'டியஸ் எக்ஸ்' உரிமை ஐடோஸ் வசமே தங்கி, 2011இல் மான்ட்ரியால் நகரக் குழுவொன்றால் மீண்டும் ஒரு விளையாட்டாக உருப்பெற்றது.