இரு நதிக்கிடைப்பட்ட குடந்தை நகர்

காவிரி கல்லணையைக் கடந்தபின் ஒரு நதியாய் ஒழுகுவதில்லை. வெண்ணாறு, குடமுருட்டி, அரிசிலாறு, வீரசோழன் எனப் பல கிளைகளாய்ப் பிரிந்து, சோழநாட்டுச் சமவெளியை விசிறி விரித்தாற்போல் நனைத்துக் கீழ்கடலை நோக்கிச் செல்கின்றது. இக்கிளைகளுள் அரிசிலாறு காரைக்காலிற் கடலோடு கலக்கின்றது. காவிரி என்னும் பெயரை விடாது தாங்கிய கிளை, மெலிந்த உருவோடு பூம்புகாரை அடைகின்றது. வடக்கே காவிரியும் தெற்கே அரிசிலாறுமாக இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்திலே, தஞ்சைக்கு வடகிழக்கில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருப்பதே கும்பகோணம். 2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இதன் மக்கட்டொகை 140,156. 1866 இல் நகரசபையும் 2021 இல் மாநகராட்சியும் ஆயிற்று. இத்துணைச் சிறிய நகரொன்று தமிழர் சமயத்திலும் கல்வியிலும் கைத்தொழிலிலும் இத்துணைப் பெரிய இடத்தைப் பெற்றமைக்குக் காரணம் யாது? கோயில்களின் பெருமையே என்று விடை கூறுவது எளிது. ஆயின், கோயில்களை அங்கே தோற்றுவித்ததும் தாங்கி நின்றதும் யாதென வினவுவோமாயின், ஆண்டில் ஒரு பாதி ஓடி மறுபாதி வறளும் ஓர் ஆற்றிடமே நாம் வந்து சேர்வோம்.

நகரின் பழம்பெயர்கள் குடமூக்கு, குடந்தை என்பன. ஊழிவெள்ளத்தில் மிதந்துவந்த அமுதகும்பம் இவ்விடத்தே தங்கியதென்றும், வேடுவவடிவு கொண்ட இறைவன் அதனை அம்பெய்து சிதைக்க, வழிந்த அமுதம் குளமாய்த் தேங்கியதென்றும் தலபுராணம் கூறும். வெள்ளமும் வண்டலும் மாறிமாறிப் படிந்து உருவான நிலத்தில் வாழ்ந்தோர் தம் ஊரின் பிறப்பை ஒரு பெருவெள்ளத்தோடு இணைத்துக் கூறியமை இயல்பேயாம். தேவார ஆசிரியர் குடமூக்கையும் குடந்தைக் காரோணத்தையும் குடந்தைக் கீழ்க்கோட்டத்தையும் தனித்தனியே பாடினர். ஆழ்வார்கள் ஆராவமுதனைப் பாடினர். அவ்வாராவமுதன் மீதான திருவாய்மொழிப் பாசுரங்களைக் கேட்டதே நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தற்கு முதற் காரணமாயிற்று என்பது வைணவ மரபு.

அகநானூற்றிலே சோழர் தம் நிதியைக் குடந்தையில் வைத்துக் காத்தனர் என்ற செய்தி வருகின்றது. அது குடவாயிலைக் குறிக்கும் என்பாரும் உளர். அப்பாடலின் ஆசிரியர் குடவாயிலைச் சேர்ந்தவராதலின் அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. எவ்வாறாயினும், சோழப் பெருவேந்தர் எவரும் குடந்தையை நிலையான தலைநகராகக் கொண்டாரில்லை. அரசமாளிகை அண்மையிலுள்ள பழையாறையில் இருந்தது; ஆட்சிபீடம் தஞ்சையிலும் பின்னர்க் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இருந்தது. இரண்டாம் இராசராசன் 12 ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் நகருக்குச் சற்றுப் புறம்பேதான் நிற்கின்றது. எனினும் இந்நிலத்துக்காக நிகழ்ந்த போர்கள் சிறியவல்ல. 9 ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன், கங்கர், பல்லவர், சோழர் முதலியோரைக் குடமூக்கில் வென்றான் எனச் சின்னமனூர்ச் செப்பேடு கூறும். முதலாம் சேனன் காலத்தில் ஈழத்தின்மேற் படையெடுத்து அநுராதபுரத்தைச் சூறையாடியவனும் இவனே. ஏறத்தாழ 880 இல் நகருக்கு அணித்தான திருப்புறம்பியத்தில் நடந்த போரின்பின் பாண்டியரும் பல்லவரும் தளர, ஆதித்த சோழன் தலையெடுத்தான். வேந்தர் பொருதது அரண்மனைக்காக அன்று. நெல் விளையும் நிலத்துக்காகவே.

இனி, நீரின் கணக்கைச் சற்றே நோக்குவோம். காவிரிக்கு வெள்ளம் வருவது குடகுமலையிற் பொழியும் தென்மேற்குப் பருவமழையால். ஆனியிலும் ஆடியிலும் புதுநீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை துணைசெய்யும். தைக்குப் பின் ஆறு மெலியும். பங்குனி, சித்திரையில் மணலே எஞ்சும். குறுவையும் சம்பாவும் தாளடியும் இக்கணக்கின்படியே விதைக்கப்பட்டன. நகரின் விழாக்களும் இக்கணக்கிலிருந்து விலகவில்லை. ஆடிப் பதினெட்டாம் நாள் மகளிர் ஆற்றங்கரைக்குச் சென்று புதுநீரை வழிபடுவர். ஆனால் ஊரின் தலையாய விழாவாகிய மகாமகம் மாசியில் வருகின்றது. அஃது ஆறு மெலியுங் காலம். வியாழன் சிம்மராசியில் நிற்க, மாசி மாதத்து மகநட்சத்திரத்தன்று, பன்னீராண்டுக்கொருமுறை மக்கள் நீராடுவது ஆற்றிலன்று, 6 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடைய ஒரு குளத்தில். கங்கை, யமுனை முதலிய ஒன்பது புண்ணிய நதிகளும், காவிரி உட்பட, தம் பாவந் தீர அன்று இக்குளத்துக்கு வருகின்றன என்பது புராணம். இரு நதிகளுக்கு நடுவிருக்கும் ஊர், நதிகளையே குளத்துக்கு அழைத்து நீராட்டுகிறதென்பது முதலில் வியப்பைத் தரும். ஆனாற் குளத்தின் அடியில் இருபது தீர்த்தக் கிணறுகள் உண்டென்பதையும், வண்டல் நிலத்தில் ஆற்றுநீர் ஊறி நிலத்தடியில் நிற்பதையும் சேர்த்து எண்ணுவோர்க்கு வியப்பு நீங்கும். ஆறு வந்தபோது அதன் நீரை நிலத்திலும் குளத்திலும் பொதிந்து வைத்து, ஆறு மெலிந்தபோது அதனை விழாவாக எடுத்தாண்ட ஊர் இது. நிலத்தடி நீரைத் துலாமிதித்து இறைத்தே பயிர்செய்த யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்கிக்கூற வேண்டுவதில்லை.

குளத்தைச் சூழ்ந்த பதினாறு மண்டபங்கள் தஞ்சை நாயக்கரின் அமைச்சரான கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தவை. 1992 பெப்ரவரி 18 ஆம் நாள் மகாமகத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். 2004 இலும் 2016 இலும் விழா மீண்டும் நடந்தது. அடுத்தது 2028 இல் வரவேண்டும்.

தேங்கிய நீர் நன்மை மட்டுமே தந்ததென்று எழுதுதல் நேர்மையாகாது. மேடில்லாத சமநிலத்தில் நீர் வடிய வழியின்றிச் சாக்கடைகளிற் கொசு பெருகியது. யானைக்கால் நோய் நெடுங்காலம் இந்நகரின் பெயரோடு ஒட்டியிருந்தது. ஊரைப் புகழ்வோர் பலரும் இதனைச் சொல்லாது விடுவர்.

நெல் மிகுந்த இடத்திற் பொருள் மிகும். பொருள் மிகுந்த இடத்தில் வழக்கும் கல்வியும் மிகும். 1854 இல் தொடங்கிய அரசினர் பாடசாலை பின்னர்க் கல்லூரியாய் உயர்ந்து காவிரிக்கரையில் நிலைபெற்றது. அதனைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்பர். அப்புகழுரை சிறிது மிகையே, எனினும் அடிப்படையற்றதன்று. கணிதமேதை இராமானுசன் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். 1904 இல் உபகாரச் சம்பளத்துடன் இக்கல்லூரியிற் சேர்ந்து, கணிதமொழிந்த பாடங்களிற் கருத்தின்மையால் அதனை இழந்தார். பரீட்சைத் தாள்களைத் திருத்தும் நம்போன்றார் இச்செய்தியைச் சற்று நின்று படித்தல் வேண்டும்.

நமக்கு இன்னும் அணித்தான செய்தி ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இக்கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். சேலம் இராமசுவாமி முதலியார் இந்நகருக்கு முன்சீபாக வந்ததும், சிந்தாமணி படித்ததுண்டோ என ஐயரவர்களை வினவியதும், அவ்வினாவால் ஐயரவர்களின் வாழ்வு திசைமாறியதும் யாவரும் அறிந்தவை. அதே காலத்தில் அதே நகரில் வழக்கறிஞராயிருந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி.ஏ. பட்டதாரிகளுள் ஒருவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க அவர் விழைந்தமையை ஐயரவர்கள் தம் சரித்திரத்திற் குறித்துள்ளார். 1887 இல் ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தன. ஏட்டுச்சுவடிகளை மீட்ட இருபெரும் பதிப்பாசிரியர் ஒரே சிற்றூரில் வாழ நேர்ந்தது தற்செயல் எனலாம். ஆயினும் வழக்கறிஞர்க்குத் தொழிலும் புலவர்க்குச் சம்பளமும் கொடுக்கவல்ல ஊர்கள் அன்று எத்தனை இருந்தன? 1904 இல் கும்பகோணம் வங்கி இந்நகரில் நிறுவப்பட்டது. சிற்றி யூனியன் வங்கி என்னும் பெயரோடு அது நிலவுகின்றது.

நகரமக்களின் வாழ்வு கோயிலைச் சுற்றிய தெருக்களிலேயே வேர்கொண்டது. பட்டுநெசவு செய்யும் சௌராட்டிரர், பாத்திரக் கடைக்காரர், ஆற்றோர வண்டலிற் கொடிக்கால் வளர்த்து வெற்றிலை பயிரிடுவோர், முசுலிம் வணிகர், 1899 இல் தமக்கெனத் தனி மறைமாவட்டம் பெற்ற கத்தோலிக்கர் ஆகிய யாவரும் இந்நகரின் வாழ்வுக்கு உரியவர். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் சுவாமிமலைப் படிமங்களும் குடந்தைச் சூழலின் கைத்திறனைக் காட்டுவன. சுவாமிமலையில் மலை என்பது பெயரளவே. 60 படிகளையுடைய கட்டுமலை அது. அங்குள்ள தபதியர் மெழுகில் உருவமைத்து, அதன்மேற் காவிரியின் மெல்லிய வண்டலைப் பூசி உலர்த்தி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். மெழுகுருவின் நுண்ணிய கோடுகளை இழக்காது ஏற்கவல்லது அவ்வண்டலே.

இவ்வளவும் நீரின் வரவை நம்பியவை. 1836 இல் ஆர்தர் கொட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியது, தாழ்ந்த கொள்ளிடத்தில் நீர் வீணே விழுந்து காவிரி தூர்ந்துபோவதைத் தடுத்தற்கே. 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின், குடகின் மழையை எதிர்பார்த்திருந்த உழவர் சூன் 12 ஆம் நாள் மதகு திறப்பதை எதிர்பார்க்கலாயினர். மைசூரோடு செய்த 1924 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐம்பதாண்டு 1974 இல் முடிந்தது. 1990 இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 இல் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீரைக் கருநாடகம் விடவேண்டும் என்றது. 2018 இல் உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. பாண்டியரும் சோழரும் குடமூக்கிற் பொருதபோது ஆறு எவர் கையிலும் இல்லை. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒருபடித்தாகவே ஓடிற்று. இன்றோ, குறுவைக்கு விதையிடலாமா என்பதைக் குடந்தை உழவன் மேட்டூரின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளிற் பார்த்தே துணிகின்றான். அணை தேக்குவதும் நீரை மட்டுமன்று. மலையிலிருந்து ஆறு கொணரும் வண்டலின் பெரும்பகுதியும் மேட்டூரிலேயே படிந்துவிடுகின்றது.