அழிக்கச் சொன்ன வரலாறு

1998 ஏப்ரல் 27ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட்வுட் பகுதியில் இருந்த தன் வீட்டில் கார்லோஸ் காஸ்டனேடா கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். செய்தி வெளியே வர ஜூன் மாதம் ஆனது. அதற்குள் அவரைச் சுற்றி வாழ்ந்த ஐந்து பெண்கள் காணாமல் போயிருந்தார்கள். அவர்களுடைய தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டிருந்தன. ஐவரில் ஒருவரான பாட்ரிசியா பார்ட்டினின் கார், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைவனத்தில் ஆளில்லாமல் கிடந்தது. 2003இல் அதே பாலைவனத்தின் மணல்மேடுகள் அருகே எலும்புகள் கிடைத்தன. அவை அவருடையவைதான் என்று 2006இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. மற்ற நால்வர் என்ன ஆனார்கள் என்பது தெரியவே இல்லை.

காஸ்டனேடாவைப் பற்றிய எழுத்துகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் வருகிறார்கள். ஒரு பெரிய மனிதரின் கதைக்கு ஒட்டவைத்த மர்ம முடிவாக. நான் அவர்களிடமிருந்தே தொடங்க விரும்புகிறேன். உடலை அசைத்து ஆற்றலைத் திரட்டி, அறிவின் எல்லையை விரித்து, பெண்ணை எல்லாத் தளைகளிலிருந்தும் விடுவிக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பயிற்சியோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பயிற்சியின் வரலாற்றை அவர்கள் பக்கமிருந்து படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஆண். 1968இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் காஸ்டனேடாவின் முதல் நூலை வெளியிட்டது. மெக்சிகோவின் யாக்கி இனத்தைச் சேர்ந்த டான் ஹுவான் என்ற முதியவரிடம், அதாவது ஒரு ஷாமனிடம், சீடராக இருந்து கற்றவை என்று அதில் சொல்லப்பட்டது. ஆவிகளோடும் வேறு உலகங்களோடும் தொடர்புகொண்டு நோய் தீர்ப்பவர், வழிகாட்டுபவர் என்று நாம் புரிந்துகொள்ளும் ஆளைத்தான் ஷாமன் என்கிறார்கள். நூல் லட்சக்கணக்கில் விற்றது. மூன்றாம் நூல் 1972இல் வந்தது. 1973இல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு மானுடவியலில் முனைவர் பட்டம் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் 'டைம்' இதழ் அவரை அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

அந்தக் கட்டுரைதான் முதல் விரிசல். பிரேசிலில் 1935இல் பிறந்ததாகச் சொல்லிவந்தவர், ஆவணங்களின்படி பெரு நாட்டின் கஹமார்க்காவில் 1925இல் பிறந்தவர். காஸ்டனேடா என்பது அவருடைய தாய்வழிப் பெயர். தந்தைவழிப் பெயர் அரானா. தாயின் பெயரை வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர், தாயின் மரணத்தைக்கூடத் தன் கதையில் வேறு வயதுக்கு நகர்த்தியிருந்தார் என்பதையும் அந்த இதழ் எழுதியது. 1976இலும் 1980இலும் ரிச்சர்ட் டி மில் வெளியிட்ட இரண்டு நூல்கள், டான் ஹுவான் நூல்களில் தேதிகள் ஒன்றோடொன்று முரண்படுவதையும், பிறர் எழுத்துகளின் சாயல் படிந்திருப்பதையும் எடுத்துக்காட்டின. யாக்கி மக்களை நீண்டகாலம் ஆய்வுசெய்த எட்வர்ட் ஸ்பைசர், முதல் நூலில் யாக்கிப் பண்பாட்டின் அடையாளம் எதுவும் இல்லை என்று 1969இலேயே எழுதிவிட்டார்.

காஸ்டனேடாவிடம் இதற்கெல்லாம் ஒரே பதில் இருந்தது. 1972ஆம் ஆண்டு நூலில் ஓர் அத்தியாயமே அதற்காக உண்டு: ஒருவர் தன் சொந்த வரலாற்றை அழித்துவிட வேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், வயது, புகைப்படம் எல்லாம் பிறர் நம்மைக் கட்டிவைக்கும் கயிறுகள். அவற்றை அறுத்தவர்தான் சுதந்திரர். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அவர் பயிலரங்குகள் நடத்தத் தொடங்கினார். பயிற்சிக்கு வைத்த பெயர் டென்செக்ரிட்டி. கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், இழுவிசையால் நிற்கும் கட்டமைப்புகளுக்கு உருவாக்கிய சொல் அது. பண்டைய மெக்சிகோவின் ஷாமன்கள் கனவுநிலையில் கண்டெடுத்து, 27 தலைமுறைகளாக ரகசியமாகக் கைமாற்றிய அசைவுகள் இவை என்று விளக்கம் தரப்பட்டது. கைகளை வீசுவது, காலை ஊன்றித் தட்டுவது, முட்டியை மடக்கி நின்று காற்றை உள்ளங்கையால் கிழிப்பது, மூச்சை இழுத்து நிறுத்துவது என்று அவை நீள்கின்றன. 1995இல் இதற்காகவே ஒரு நிறுவனம் உருவானது. காணொளி நாடாக்கள் வந்தன. 1998இல், அவர் இறந்த ஆண்டிலேயே, அசைவுகளைப் படங்களோடு விளக்கும் 'மேஜிக்கல் பாஸஸ்' நூலும் வந்தது.

அந்தப் படங்களைப் பார்த்துச் சில அசைவுகளை நானும் செய்துபார்த்தேன். உடம்பு சூடாகிறது, தோள்பட்டை இறுக்கம் தளர்கிறது, சற்று நேரத்துக்கு மனம் தெளிவாக இருக்கிறது. மூச்சோடு இணைந்த எந்தச் சீரான அசைவும் இதைச் செய்யும். நூறு பேர் ஒரே தாளத்தில் செய்தால் இன்னும் வலுவாகச் செய்யும். அதற்குப் பண்டைய மெக்சிகோ தேவையில்லை. 1984இல் வந்த தன் நூலின் முகப்பில் காஸ்டனேடா, தன் ஆற்றலை மீட்டுத்தந்த ஆசிரியர் ஒருவருக்கு மூன்று எழுத்துகளை மட்டும் குறிப்பிட்டு நன்றி சொல்கிறார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர் என்று பின்னர் எழுதப்பட்டது. மாணவருக்கு வேர்வை வந்தது உண்மை. அந்த வேர்வைக்குச் சொன்ன வம்சாவளிதான் பிரச்சினை.

இந்தப் பயிலரங்குகளில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். மேடையில் அசைவுகளைச் செய்துகாட்டியவர்கள் பெண்கள். உரையாற்றியவர்களும் ஃப்ளோரிண்டா டோனர், தைஷா ஏபலார், கேரல் டிக்ஸ் என்ற மூன்று பெண்கள்; டான் ஹுவானின் நேரடிச் சீடர்கள், சூனியக்காரிகள் என்று அவர்கள் அறிமுகப்படுத்தப்பட்டார்கள். கருப்பைக்கென்றே ஒரு தனி அசைவு வரிசை உண்டு. இந்த மூவர் பெயரிலும், பார்ட்டினுக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயரிலுமாக அது நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கருப்பை பிள்ளை பெறுவதற்கு மட்டுமல்ல, உலகை நேரடியாக அறிவதற்கான உறுப்பும்கூட என்பது போதனை.

இது பெண்களை ஈர்த்ததில் எனக்கு வியப்பில்லை. மடக்கி உட்கார், மெல்ல நட, குரலைத் தாழ்த்து என்று பழக்கப்படுத்தப்பட்ட உடலிடம் காலை ஊன்றித் தட்டு என்று ஒருவர் சொல்கிறார். பிள்ளைப்பேறே உன் விதி என்று கேட்டுச் சலித்தவளிடம், உன் கருப்பைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது என்கிறார். டோனர் 1991இலும் ஏபலார் 1992இலும் வெளியிட்ட நூல்களில் இன்னும் கூர்மையான ஒன்று வருகிறது: உறவுகொள்ளும் ஆண் பெண்ணின் உடலுக்குள் ஒளிரும் புழுக்களைப் போன்ற இழைகளை விட்டுச்செல்கிறான், அவை ஏழாண்டுகள் அவளுடைய ஆற்றலை உறிஞ்சி அவனுக்கு அனுப்புகின்றன. குடும்பத்துக்குள் உழைத்துக் களைத்த எந்தப் பெண்ணுக்கும் இந்த உருவகம் சட்டென்று புரியும். தீர்வாகச் சொல்லப்பட்டது மறுபார்வை என்ற பயிற்சி. வாழ்வில் சந்தித்த எல்லோரையும் பட்டியலிட்டு, தலையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குத் திருப்பி மூச்சுவிட்டபடி, ஒவ்வொருவரையும் நினைவிலிருந்து விடுவிக்க வேண்டும்.

நோயைச் சரியாகச் சுட்டியவர்கள் மருந்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பாருங்கள். வீட்டுவேலை, கூலி, வன்முறை, சட்டம் எதுவும் இந்தப் பேச்சில் இல்லை. எல்லாம் இழைகளாகிவிட்டது. இழைகளை நீக்கும் வித்தையோ ஓர் ஆணின் கையில் இருந்தது. பெண்ணைச் சக்தி என்று உயரத்தில் தூக்கிவைத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

உள்வட்டத்தில் பல ஆண்டுகள் இருந்த ஏமி வாலஸ் 2003இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். பெண்கள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், பெற்றோரோடும் நண்பர்களோடும் தொடர்பை அறுக்க வேண்டும், புதுப் பெயர் ஏற்க வேண்டும் என்றெல்லாம் இருந்ததை அவர் எழுதுகிறார். துறவை வெளியில் போதித்தவர் உள்ளே பல பெண்களோடு உறவு வைத்திருந்ததையும், யார் நெருக்கமானவர், யார் விலக்கப்பட்டவர் என்பது அவர் மனநிலைப்படி மாறியதையும் எழுதுகிறார். ஃப்ளோரிண்டா டோனரின் இயற்பெயர் ரெஜினே தால். தைஷா ஏபலாரின் இயற்பெயர் மேரியன் சிம்கோ. இருவரும் மானுடவியல் படித்தவர்கள். பார்ட்டினுக்கு நூரி அலெக்சாண்டர் என்ற பெயர் வந்தது.

சொந்த வரலாற்றை அழிப்பது என்ற அதே போதனை இருவிதமாகப் பலித்ததை இங்கே காணலாம். வரலாற்றை அழித்த ஆணுக்கு ஒரு புராணம் கிடைத்தது. பட்டம், புத்தக உரிமை, நிறுவனம் எல்லாம் அந்தப் புராணத்தின் மேல் எழுந்தன. வரலாற்றை அழித்த பெண்ணுக்குத் தேடிவர ஆளில்லாமல் போனது. வீட்டோடு பேச்சில்லாதவள் காணாமல் போனால் அது யாருக்கு எப்போது தெரியும்? ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் வாழ்ந்தவளை எந்தப் பெயரில் தேடுவது? பாலைவனத்தில் கிடந்த எலும்புகளுக்குப் பெயர் சொல்ல மூன்றாண்டுகள் ஆனதை நான் இந்தப் பின்னணியில்தான் படிக்கிறேன்.

அழிக்கப்பட்டவர்கள் இந்த ஐவர் மட்டும் அல்ல. டோனர் 1982இல் 'ஷபோனோ' என்ற நூலை வெளியிட்டார். வெனிசுவேலாக் காட்டில் யானோமாமி மக்களோடு தான் வாழ்ந்த அனுபவம் என்றார். அடுத்த ஆண்டே ரெபெக்கா டி ஹோம்ஸ் என்ற மானுடவியலாளர், அதிலுள்ள பல பகுதிகள் வேறொரு பெண்ணின் வாழ்க்கைக் கதையை ஒத்திருக்கின்றன என்று ஆய்விதழில் குற்றம்சாட்டினார். அந்த வேறொரு பெண் ஹெலெனா வலேரோ. சிறுமியாக இருந்தபோது யானோமாமி மக்களால் பிடித்துச்செல்லப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, 1956இல் வெளியே வந்தவர். அவர் சொன்னதை எத்தோரே பியோக்கா என்ற இத்தாலிய அறிவியலாளர் பதிவுசெய்து 1965இல் வெளியிட்டார். அட்டையில் ஆசிரியராக இருந்தது பியோக்காவின் பெயர்.

யாக்கிப் பெண்களின் நிலையும் இதுதான். டான் ஹுவான் நூல்களைப் படித்த லட்சக்கணக்கானோருக்கு யாக்கி என்றால் காலமற்ற ஞானம். உண்மையான யாக்கி மக்கள் 1900களின் முதற் பத்தாண்டில், போர்பிரியோ தியாஸ் ஆட்சியின்போது, சொந்த மண்ணான சொனோராவிலிருந்து பிடுங்கப்பட்டு யுகடானின் நார்க்கற்றாழைத் தோட்டங்களுக்கு அடிமைகளைப் போல அனுப்பப்பட்டவர்கள். அந்தக் காலத்தையும் புரட்சியையும் கடந்துவந்த யாக்கிப் பெண்கள் நான்கு பேரின் வாழ்க்கைக் கதைகளை ஜேன் ஹோல்டன் கெல்லி 1978இல் நூலாக்கினார். பசி, நாடுகடத்தல், குழந்தைச் சாவு, திரும்பிவருதல் என்று அந்த உடல்களுக்கும் அசைவுகள் இருந்தன. அவற்றைக் கற்க யாரும் பயிலரங்குக்குப் பணம் கட்டவில்லை.

அப்படியானால் உடலின் வழியாக விடுதலை தேடுவதே ஏமாற்றா? நான் அப்படி நினைக்கவில்லை. காஸ்டனேடாவின் முதல் நூல் வந்த மறு ஆண்டு பாஸ்டன் நகரில் சில பெண்கள் கூடி, மருத்துவர்கள் தங்களிடம் பேசும் விதத்தைப் பற்றிக் கோபத்தோடு பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு தலைப்பை எடுத்துப் படித்தார்கள், எழுதினார்கள். 1970இல் அது 193 பக்கங்களில், மலிவுத் தாளில், 75 சென்ட் விலையில் வெளிவந்தது. பின்னாளில் உலகமெங்கும் போன 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' நூலின் தொடக்கம் அதுதான். அங்கும் கருப்பை பேசப்பட்டது, மூச்சும் ஆற்றலும் பேசப்பட்டன. ஆனால் எங்கிருந்து தெரிந்தது என்று சொல்லப்பட்டது. தவறென்று தெரிந்தால் அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டது. கூட்டம் முடிந்து அவரவர் பெயரோடு அவரவர் வீட்டுக்குப் போக முடிந்தது.

யோகமோ தியானமோ நடனமோ, உடலைக் கற்றுத்தரும் எந்த இடத்துக்குப் போகும் மாணவிக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். அசைவு நன்றாக இருக்கிறதா என்று உங்கள் உடலே சொல்லிவிடும். அதோடு சேர்த்து எதை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வலியை விடச் சொன்னால் சரி. அம்மாவிடம் பேசுவதை, தோழியை, பெயரை, கேள்வியை விடச் சொன்னால், அங்கே திரட்டப்படுவது உங்களுக்கான ஆற்றல் அல்ல.

காஸ்டனேடா இறந்த பிறகும் பயிலரங்குகள் தொடர்ந்தன. அந்த நால்வரின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை. ஆனால் ஹெலெனா வலேரோ, பியோக்காவின் நூல் வந்து 19 ஆண்டுகளுக்குப் பின், தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். 1984இல் அது ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. வெளியிலிருந்து வந்த பெண் என்ற பொருளில் யானோமாமி மக்கள் அவரை அழைத்த சொல்லையே தலைப்பில் வைத்திருந்தார்: 'நான் நபெயோமா'.