இடைநிலைப் பள்ளிப் பாட ஆசிரியர் உருவான வரலாறு

ஆசிரியர் ஆகத்தக்கவர் இவர் என்று கூறிய நன்னூலார், ஆகத்தகாதவரையும் கூறுகின்றார். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் போன்றோரை ஆசிரியர் என ஏற்றவர், கழற்குடமும் மடற்பனையும் பருத்திக் குண்டிகையும் முடத்தெங்கும் போன்றோரை விலக்குகின்றார். கழற்சிக்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறைப்படி காய்கள் வெளிவருவதில்லை. எல்லாம் ஒருங்கே கொட்டும். மடல் நிறைந்த பனையில் ஏறிப் பழம் பறிக்க இயலாது. அது தானாக வீழ்த்தினால்தான் உண்டு. குடுக்கையில் அரிதின் முயன்று திணித்த பஞ்சு, வெளியே எடுக்கும்போதும் எளிதில் வாராது. வளைந்து வளர்ந்த தென்னையோ, நீர் வார்த்தவன் இருக்க அயலான் முற்றத்தில் காயை உதிர்க்கும்.

இந்நால்வரும் கல்லாதவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குடம் நிறைந்தே இருக்கின்றது. பனையில் பழம் உண்டு. குடுக்கையில் பஞ்சு உண்டு. தென்னையிலும் காய்க்குக் குறைவில்லை. குறை கற்றலில் இல்லை, கொடுத்தலில் இருக்கின்றது. பாடம் அறிதல் வேறு, பாடம் சொல்லுதல் வேறு என்னும் இவ்வுண்மையை 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் இத்துணைத் தெளிவாகக் கூறியிருக்கின்றது. ஆயினும், நம் நாட்டின் இடைநிலைப் பள்ளிகளில் இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைய வேண்டும் என்னும் கொள்கை நிலைபெறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தமிழ்ப்பாடத்தைப் பொறுத்தவரை அக்காலம் இன்னும் நீண்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு வகுப்புக்கு உரியவர். இடைநிலைப் பள்ளி ஆசிரியர் ஒரு பாடத்துக்கு உரியவர். முன்னவர் தம் மாணவரை நாள் முழுதும் அறிவார். பின்னவரோ மணி அடித்ததும் ஒரு வகுப்பை விட்டு மற்றொரு வகுப்புக்குச் செல்பவர்; நாற்பது நிமிடத்துக்குள் தம் பாடத்தின் ஒரு கூற்றை நாற்பது பிள்ளைகளின் உள்ளத்தில் பதிக்க வேண்டியவர். ஆதலின் அவருக்குப் பாடத்தில் ஆழமும் வேண்டும், அவ்வாழத்திலிருந்து அளவறிந்து முகந்து கொடுக்கும் திறமும் வேண்டும்.

ஆங்கிலேயர் காலம்

பினாங்கு இலவசப் பள்ளி 1816இல் தோன்றியது. சிங்கப்பூரில் இராஃபிள்ஸ் கல்விக்கூடம் 1823இல் நிறுவப்பெற்றது. இவை போன்ற ஆங்கிலப் பள்ளிகளே பின்னாளில் இடைநிலைக் கல்விக்கு இருப்பிடமாயின. அங்கு உயர் வகுப்புகளில் கற்பித்தோருள் இங்கிலாந்திலிருந்து வந்தவர் பலர்; இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவரும் இருந்தனர். உள்நாட்டில் படித்துத் தேறிய இளைஞருக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘நார்மல் வகுப்பு’ எனப்பட்ட பயிற்சி வகுப்புகள் அமைந்தன. அவர்கள் வார நாள்களில் பள்ளியில் கற்பித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தாமே மாணவராய் அமர்ந்து பயின்றனர். முழுநேரப் பயிற்சி என்பது அவர்களுக்கு எட்டாத ஒன்று.

சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய இராஃபிள்ஸ் கல்லூரி இந்நிலையில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. கலையிலும் அறிவியலிலும் பட்டயம் பெற்று அங்கிருந்து வெளிவந்தோர் பலர் ஆங்கில இடைநிலைப் பள்ளிகளின் ஆசிரியராயினர். வரலாற்றுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர் எனத் தத்தம் துறையை முறையாகக் கற்ற உள்நாட்டு ஆசிரியர் இவ்வாறு தோன்றினர். மலாய்த் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியருக்கென 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்ததும் இக்காலத்தேதான்.

இக்காலத்தில் தமிழ்ப் பள்ளிகளின் நிலை யாது? 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி அமைக்க வேண்டும் என்றாயிற்று. பள்ளி அமைந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் அமையவில்லை. எழுத்தறிந்த கங்காணியும் கிராணியும் ஆசிரியராய் நின்ற தோட்டங்கள் பல. அக்கல்வியும் தொடக்க நிலையோடு முடிந்தது. தமிழ்வழி இடைநிலைக் கல்வி இல்லாத இடத்தில், இடைநிலைத் தமிழாசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் எழ வாய்ப்பேது?

கர்க்பி முதல் விடுதலை வரை

போருக்குப் பின் பள்ளிகள் பெருகின. ஆசிரியர் பற்றாக்குறையும் பெருகிற்று. உள்நாட்டில் இடம் போதாமையால், மலாயா ஆசிரியர் கல்லூரி ஒன்று இங்கிலாந்திலேயே, லிவர்பூல் நகருக்கு அருகில் கர்க்பி என்னும் இடத்தில் 1952ஆம் ஆண்டு முதல் இயங்கலாயிற்று. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியாளருக்காகக் கட்டப்பட்ட விடுதிகளில், மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒன்றாக உண்டு உறங்கி ஈராண்டு பயின்றனர். 1955இல் வுல்வர்ஹாம்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் என்னும் இடத்திலும் மற்றொரு கல்லூரி தொடங்கிற்று. விடுதலைப் பேச்சுவார்த்தைக்காக இங்கிலாந்து சென்றிருந்த துங்கு அப்துல் ரகுமான், 1956 பிப்ரவரி 7ஆம் நாள், விடுதலைக்குக் குறிக்கப்பட்ட நாளைக் கர்க்பி மாணவரிடையே அறிவித்தார் என்பது வரலாறு. வருங்கால ஆசிரியரே அச்செய்தியை முதலில் கேட்டோருள் இருந்தனர் என்பது நம் தொழிலுக்குப் பெருமை தருவதாகும். கர்க்பி 1962இலும் பிரின்ஸ்ஃபோர்டு 1964இலும் தம் பணியை முடித்துக்கொண்டன.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதனைத் தொடர்ந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தேசியக் கல்விக்கு அடித்தளம் இட்டன. பயிற்சிக் கல்லூரிகள் உள்நாட்டிலேயே எழுந்தன. கோலாலம்பூரில் மொழி ஆசிரியருக்கென 1958இல் மொழிக் கழகமும், உடற்கல்வி, ஓவியம், இசை போன்ற தனித்துறைகளுக்கென 1960இல் செராஸில் சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தோன்றின. ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கே உரிய கற்பிக்கும் முறை உண்டு என்னும் கருத்து இவற்றால் நிறுவன வடிவம் பெற்றது.

கதவு திறந்த ஆண்டு

இவ்வரலாற்றில் பெருந்திருப்பம் 1964ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதுவரை ஆறாம் வகுப்பின் முடிவில் நடைபெற்ற இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு, பெரும்பாலான பிள்ளைகளை வெளியே நிறுத்தி வந்தது. அத்தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை தொடர்ந்து கற்கலாயினர். தொழிற்கலை, வேளாண் அறிவியல், வணிகம், மனையியல் ஆகிய புதிய பாடங்களும் சேர்ந்தன.

கதவைத் திறப்பது ஓர் ஆணையால் இயலும். ஆசிரியரை உருவாக்குவது ஆணையால் இயலாது. ஆகவே 1964இல் வட்டாரப் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. பணியாற்றிக்கொண்டே பயிற்சி பெறும் பழைய முறை வேறொரு வடிவில் திரும்பிற்று. கீழ்ப்படிவங்களுக்குக் கல்லூரிப் பயிற்சி பெற்றோர், மேற்படிவங்களுக்குப் பட்டதாரிகள் என்னும் பகுப்பும் வேரூன்றியது.

பட்டதாரிகளின் பயிற்சி இருவகையாக வளர்ந்தது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1963இல் கல்வித்துறை தொடங்கிற்று. முதலில் பாடத்தில் பட்டம், அதன்பின் ஓராண்டுக் கல்விப் பட்டயம் என்பது அங்கு நின்ற முறை. பினாங்கில் 1969இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகமோ, பாடத்தையும் பயிற்றியலையும் ஒரே பட்டத்துள் ஒருங்கே கற்பிக்கும் முறையைத் தொடங்கிற்று. முன்னதில் பாட ஆழம் மிகுதி. ஆயினும் மூன்றாண்டு கற்றதைக் கற்பிக்கும் வகையில் மாற்றிக்கொள்ள ஓராண்டே கிடைக்கும். பின்னதில் கற்கும்போதே ‘இதனை எவ்வாறு சொல்வேன்’ என்னும் வினா உடன் வருகின்றது. ஆயினும் பாடத்துக்குரிய காலம் குறைகின்றது. இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வழக்கு ஆசிரியர் அறைகளில் இன்றும் முடிந்தபாடில்லை. இரண்டிலும் மாணவர் முன் நிற்கும் கற்பித்தல் பயிற்சியே உரைகல்லாகும்.

அப்பயிற்சியின் அருமையை யான் பட்டறிந்தவன். பயிற்சிக் காலத்தில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்துக்கு வலிமிகும் இடங்களைக் கற்பித்தேன். நாட்பாடத் திட்டத்தை மூன்று முறை திருத்தி எழுதியிருந்தேன். விதிகளையெல்லாம் கரும்பலகை நிறைய எழுதினேன். பாடம் முடிந்ததும் மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர், என் ஏட்டைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவனை அழைத்து, “தமிழ்ப் பள்ளி என்று ஏன் எழுதுகின்றோம், தம்பி?” என்று வினவினார். அவன் கரும்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விடை இல்லை. “ஐயா, நீங்கள் பதினொரு விதி சொன்னீர்கள். அவனுக்கு ஒன்று போதுமாயிருந்தது” என்று மட்டும் கூறி அவர் சென்றார். அன்று யான் ஒரு கழற்குடம். மறுநாள் ஒரே ஒரு விதியோடு வகுப்புக்குச் சென்றேன்.

தமிழ்ப்பாடம் நின்ற இடம்

இனி, தமிழுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால், இடைநிலைப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தப்பெறும் என்றாயிற்று. இது ஓர் உரிமை. எனினும் அவ்வகுப்பு பல இடங்களில் கால அட்டவணைக்கு வெளியே, பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ நடந்தது. கற்பித்தோருள் பெரும்பாலோர் அருகிலிருந்த தமிழ்ப் பள்ளி ஆசிரியர். தொடக்கப் பள்ளிக்கெனப் பயிற்சி பெற்ற அவர்கள், வாரம் முழுதும் உழைத்த களைப்போடு வந்து, இலக்கியமும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தனர்.

எண்பதுகளில் யானும் அத்தகைய சனிக்கிழமை வகுப்பில் படித்தவன். எங்கள் ஆசிரியர் மிதிவண்டியில் வருவார். மூன்று படிவத்து மாணவரையும் ஒரே அறையில் இருத்திக் கற்பிப்பார். அவர் போன்றோர் இல்லையேல் இந்நாட்டில் இடைநிலைத் தமிழ் அன்றே அற்றுப் போயிருக்கும். ஆயினும், கணிதத்துக்குப் பயிற்சி பெற்ற பட்டதாரியும் தமிழுக்கு ஓய்வு நேர ஆசிரியரும் வருவதைக் காணும் மாணவன் என்ன எண்ணுவான்? எந்தப் பாடம் முதன்மையானது என்பதை அவன் கால அட்டவணையிலிருந்தே கற்றுக்கொள்வான்.

பாடத்தைக் கற்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. கோ. சாரங்கபாணியார் முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியும் துணைநிற்க, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை சிங்கப்பூரில் தோன்றிப் பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அந்நகரில் கூடிற்று. ஆராய்ச்சிக்கு உலக அரங்கு அமைந்த அதே காலத்தில், இரண்டாம் படிவத் தமிழுக்கு நிலையான ஆசிரியர் இல்லாத பள்ளிகள் பல இருந்தன. அறிதலுக்கும் கொடுத்தலுக்கும் இடையே உள்ள தொலைவு அது. தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, பின்னர் தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டமும் வழங்கத் தொடங்கியமை அத்தொலைவைக் குறைத்த செயலாகும்.

துறை பிறந்த சிங்கப்பூரையும் ஒரு சொல் நோக்குவோம். அங்கு 1966 முதல் இடைநிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1950இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1973இல் கல்விக் கழகமாகவும் 1991இல் தேசியக் கல்விக் கழகமாகவும் வளர்ந்தது. தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிகளின் மாணவர் ஒன்றுகூடிக் கற்க, உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்கள் அமைந்தன. மாணவர் தொகை சிறிதாயின் பாடத்தைக் கைவிடாது, மாணவரை ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தமை நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று எஞ்சியிருப்பது

இன்று நம் நாட்டில் முறையாகப் பயிற்சி பெற்ற இடைநிலைத் தமிழாசிரியர் உளர். அவர்களுள் சிலர், பள்ளியில் தமிழ் வகுப்புகள் போதாமையால் வேறு பாடங்களையே மிகுதியும் கற்பிக்கின்றனர். இதற்கு அவர்கள் பொறுப்பல்லர். ஆயினும் தமிழ் வார்த்த நீர் அயலார் முற்றத்தில் காயாகின்றது. நன்னூலாரின் முடத்தெங்கு நினைவுக்கு வருகின்றது. இதனை நிமிர்த்தும் வழி ஒன்று நம் கையில் உள்ளது. மாணவர் கேட்டால் வகுப்பு உண்டு. வகுப்பு இருந்தால் ஆசிரியர் உண்டு. ஆசிரியர் இருந்தால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுப்போர் உண்டு. அவர்களிலிருந்தே அடுத்த தலைமுறை ஆசிரியர் வருவர். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறும்.

ஆண்டு இறுதியில் ஆறாம் ஆண்டு மாணவரை வழியனுப்பும்போது, ஒவ்வொரு பெற்றோரிடமும், “பிள்ளை சேரும் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா? கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?” என வினவுவதை யான் வழக்கமாகக் கொண்டுள்ளேன். “அங்கே ஆசிரியர் இல்லையாம், ஐயா” என்று சென்ற ஆண்டு ஒரு தாய் கூறினார். பதினைந்து பெற்றோரைச் சேர்க்க இரண்டு கிழமை ஆயிற்று. வகுப்பு தொடங்கிற்று; பயிற்சி பெற்ற இளம் ஆசிரியை ஒருவரும் வந்து சேர்ந்தார்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்காள், உங்கள் கடமை ஆறாம் ஆண்டோடு முடிவதன்று. பயிற்சி மாணவர்காள், நீவிர் கற்கும் பயிற்றியல், தேர்வுக்காகக் கற்று மறக்கும் பாடமன்று. முன்னோர் பலர் சனிக்கிழமைகளில் களைப்போடு காத்து, உங்கள் கையில் ஒப்படைத்த பொறுப்பு. அதனை முறையறிந்து கொடுப்பீராக.