பிளைவீல் சமநிலைப்படுத்தல்

பிளைவீல் என்பது தானுந்துப் பொறியின் கிராங்க் தண்டுடன் சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஆகும். இதன் நிறை மையத்தைச் சுழல் அச்சிலேயே அமையச் செய்வது சமநிலைப்படுத்தல் எனப்படும்.

சமனின்மையால் எழும் விசை சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அச்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் 10 கிராம் மிகையாக இருந்தால், நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் சுமார் 100 நியூட்டன் விசையும், 6,000 சுற்றுகளில் சுமார் 400 நியூட்டன் விசையும் தோன்றும். இதனால் அதிர்வும் தாங்கிகளில் தேய்மானமும் உண்டாகும். மிகை எடை விளிம்பருகே துளையிட்டு நீக்கப்படுகிறது.

சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இல் ஒருங்கிணைக்கத் தொடங்கிய ஆஸ்டின் ஏ40 போன்ற, நான்கு உருளைகள் வரிசையாக அமைந்த பொறிகளில் பிளைவீல் பொதுவாகத் தனியே சமன்செய்யப்படும். எனவே ஆலையில் சமன்செய்யப்பட்ட மாற்றுச் சக்கரத்தை அப்படியே பொருத்தலாம். கடைந்து எடை குறைக்கப்பட்டதை மீண்டும் சோதிக்க வேண்டும். சில வி-8 பொறிகளின் பிளைவீலில் வேண்டுமென்றே ஒருபக்க எடை வைக்கப்படுகிறது. அவற்றில் புதிய சக்கரத்தின் சமனின்மை பழையதை ஒத்திருப்பது இன்றியமையாதது.