வானத்தைப் பங்கிடுதல்: ஈரி ஏரியிலிருந்து இரணைதீவு வரை

1987 ஜூன் 4ஆம் திகதி பின்னேரம். சுருவிலில் அப்போது விமானச் சத்தம் கேட்டால் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, பதுங்குகுழியைத்தான் பார்ப்போம். அன்று கேட்ட இரைச்சல் பழக்கமான பொம்பரின் இரைச்சலாக இருக்கவில்லை. கனமாக, தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. குழிக்குள் இறங்கிய நாங்கள் குண்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவே இல்லை. யாழ்ப்பாணத்து வானத்தில் குடைகள் இறங்கின என்ற செய்தி இரவுதான் வந்து சேர்ந்தது.

'பூமாலை நடவடிக்கை' என்று வரலாற்றில் பதிவான சம்பவம் அது. அதற்கு முதல் நாள், இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களுடன் புறப்பட்ட இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்களின் காவலுடன் வந்து, ஏறத்தாழ 25 தொன் பொருட்களைப் பரசூட் மூலம் குடாநாட்டின் மீது இறக்கின. வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை மே 26ஆம் திகதி தொடங்கியிருந்த வேளை அது.

இச்சம்பவத்தின் அரசியலைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் கவனம் வேறொன்றில். புதுடில்லியில் இருந்த இலங்கைத் தூதுவர் அன்று பிற்பகல் அழைக்கப்பட்டார். விமானங்கள் சிறிது நேரத்தில் புறப்படும் என்றும், தடுத்தால் பலத்தால் எதிர்கொள்ளப்படும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாட்டின் வானத்தில் பரசூட்கள் இறங்கப்போகின்றன என்பதற்கான முன்னறிவித்தல் அவ்வளவுதான். அறிவித்தலாகவும் மிரட்டலாகவும் அது ஒரே நேரத்தில் இருந்தது.

முன்னறிவித்தல் ஏன் இவ்வளவு முக்கியம்? விமானத்திலிருந்து ஒரு பொருளோ மனிதரோ கீழே குதிக்கும்போது, அவர் விழும் வானம் வெறும் வெளியன்று. அது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பொதுவழி. பொழுதுபோக்காகப் பரசூட்டில் குதிப்பவர்கள் ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் வெளியேறி, ஒரு நிமிடமளவுக்கு மணிக்கு 190 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் விழுகிறார்கள். அவர்களின் உடலில் ரேடாருக்குத் தம்மை அடையாளம் காட்டும் கருவி எதுவும் இல்லை. அதே நிமிடத்தில், 250 நொட் வேகத்தில் செல்லும் பயணிகள் விமானம் ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டு விலகுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவேதான் குதிக்கும் இடமும் நேரமும் உயரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. விமானி குதிப்புக்கு முன்பே கட்டுப்பாட்டு நிலையத்துடன் வானொலித் தொடர்பில் இருக்க வேண்டும். அமெரிக்க விதிகள் இதற்கு ஆகக் குறைந்தது ஐந்து நிமிடங்கள் என்று கணக்குச் சொல்கின்றன.

விதி இருந்தாலும் சொல் பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1967 ஆகஸ்ட் 27ஆம் திகதி, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், பி-25 ரக விமானமொன்றிலிருந்து 18 பேர் குதித்தார்கள். கீழே முகில் மூடியிருந்தது. விமானம் எங்கே நிற்கிறது என்பதைத் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரின் ரேடார்த் தகவலைக் கொண்டே தீர்மானித்தார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டாளர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது அதே பகுதியில் பறந்த வேறொரு சிறிய செஸ்னா விமானத்தை. முகிலைக் கடந்து வெளிவந்தவர்கள் கண்டது தரையை அல்ல, ஈரி ஏரியின் நீர்ப்பரப்பை. 16 பேர் மூழ்கி இறந்தார்கள். கட்டுப்பாட்டாளரின் தவறுக்கு அமெரிக்க அரசே பொறுப்பு என நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. முகிலுக்கூடாகக் குதித்தவர்களிடம் தவறே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் வானத்தின் ஒழுங்கைக் காப்பதாகப் பொறுப்பேற்ற அரசு, அப்பொறுப்பின் விலையையும் ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

நமது வானத்துக்கு வருவோம். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் தரித்து, சென்னைக்குச் சென்றது. ஆக, நம் தலைக்கு மேலுள்ள பாதை எயர் சிலோனின் முதலாவது விமானப் பாதையுமாகும். அதே பாதையில்தான் பிற்காலத்தில் போர் குடியேறியது.

1990களின் பிற்பகுதியில் வன்னிக்கூடான தரைப்பாதை மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தவருக்குக் கப்பல் அல்லது விமானம் என்ற இரண்டே வழிகள். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம், கிளம்பிச் சுமார் பத்து நிமிடங்களில் மறைந்தது. அதில் பயணிகள் 48 பேரும் பணியாளர்கள் 7 பேரும் இருந்தனர். பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் தமிழர்கள். விமானம் விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்பதே விசாரணைகள் காட்டிய முடிவு. அதன் சிதைவுகள் 14 ஆண்டுகளுக்குப் பின்னர், 2012இல்தான் இரணைதீவுக் கடலில் கண்டெடுக்கப்பட்டன. அதுவரை எத்தனையோ வீடுகளில், இறந்தவருக்கு அந்தியேட்டி செய்வதா, வருவாரென்று காத்திருப்பதா என்று தெரியாத நிலை. அந்தப் பாதை ஆபத்தானது என்பதை அறிந்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். அறியாமல் ஏறியவர்கள் ஆசனங்களில் இருந்தார்கள்.

இங்கே ஒரு கசப்பான தற்செயல் உண்டு. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தனர். அதன் விளைவாக, பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்ற பிரிவு, 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. 1984இல் ஏற்கப்பட்ட அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 1998 ஒக்டோபர் 1ஆம் திகதி. நமது 55 பேரும் வீழ்த்தப்பட்டு இரண்டே நாட்களில்! அரசுகளை மட்டும் கட்டுப்படுத்தும் பிரிவு அது. முன்னரே வந்திருந்தாலும் அந்த ஏவுகணையை நிறுத்தியிராது. ஆனாலும் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

உலகம் இப்பாடத்தை முழுமையாகக் கற்றதா என்றால், இல்லை. 2014 ஜூலை 17ஆம் திகதி கிழக்கு உக்ரேனில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அன்று அங்கே 32,000 அடி வரைதான் வான்வெளி மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்தது. வானத்தை முழுமையாக மூடுவதற்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்து விசாரணையாளர்கள் பின்னர் கூறினார்கள். மூடியிருக்க வேண்டியவர் மூடவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவும் இல்லை.

பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தொற்றுநோய்க் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. இப்போது தீவகத்துக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். உல்லாசப் பயணத் திட்டங்கள் பேசப்படுகின்றன. கடலைப் பார்த்தபடி பரசூட்டில் குதிக்கும் விளையாட்டும், ட்ரோன் படப்பிடிப்பும் ஒருநாள் இங்கேயும் வரக்கூடும். வரட்டும். நம் வானத்திலிருந்து மகிழ்ச்சிக்காக ஒருவர் குதிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முதல், எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்கட்டும். அப்பதில் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் மட்டுமல்ல, ஆசனத்தில் இருப்பவருக்காகவும் எழுதப்படட்டும்.

கடலில் வலை போடுபவன், எங்கே வலை கிடக்கிறது என்று மிதப்பு விட்டுக் காட்டுகிறான். அடுத்த படகு அதைப் பார்த்து விலகிச் செல்கிறது. தீவகத்தாருக்கு இது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமன்று. வானத்துக்கும் அதே நாகரிகம்தான் வேண்டும். 1987இல் குழிக்குள் இருந்த நாங்கள் இறங்குவது குண்டா, குடையா என்று தெரியாமல் காத்திருந்தோம். 1998இல் விமானத்தில் இருந்தவர்கள் எதற்கும் காத்திருக்கவே இல்லை. முன்கூட்டிச் சொல்லப்படாத வானம் கீழே இருப்பவருக்கும் மேலே பறப்பவருக்கும் ஒரே அளவு ஆபத்தானது.