புகுஷிமா அணுக்கழிவு நீர்: ‘வரம்புக்குள் உள்ளது’ என்பதன் பொருள் என்ன?

ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் தேக்கி வைக்கப்பட்டிருந்த நீர், 2023 ஒகஸ்ட் 24 முதல் கட்டம் கட்டமாகப் பசுபிக் சமுத்திரத்தில் விடப்பட்டு வருகிறது. எல்லாம் வரம்புக்குள் உள்ளதாக நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம் கூறுகிறது. சீனாவோ அன்றைய தினமே ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை முற்றாக நிறுத்தியது. யார் சொல்வதை நம்புவது என்று கேட்பதற்கு முன், அந்த வரம்பு எது, அதை யார் அளக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

நீர் எங்கிருந்து வந்தது?

2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் சுனாமியையும் தொடர்ந்து இந்நிலையத்தின் 3 உலைகளில் எரிபொருள் உருகியது. அதைக் குளிர்விக்க ஊற்றிய நீரும், கட்டடங்களுக்குள் கசிந்த நிலத்தடி நீரும் மழைநீரும் கதிரியக்கம் கலந்த கழிவாகின. 2023 ஆகும்போது 1,000க்கும் மேற்பட்ட தாங்கிகளில் சுமார் 13 இலட்சம் தொன் நீர் சேர்ந்திருந்தது.

இந்நீர் ‘அல்ப்ஸ்’ எனப்படும் சுத்திகரிப்புத் தொகுதியூடாகச் செலுத்தப்படுகிறது. சீசியம், ஸ்ட்ரோன்டியம் உள்ளிட்ட 62 வகைக் கதிரியக்கப் பொருட்களைக் குறைப்பதற்காக அது அமைக்கப்பட்டது. ஆனால் ட்ரிட்டியத்தை அதனால் பிரிக்க முடியாது. ட்ரிட்டியம் ஹைதரசனின் ஒரு வடிவம்; நீர் மூலக்கூறின் பாகமாகவே இருப்பது. எனவேதான் கடல்நீரைக் கலந்து அதன் செறிவைக் குறைத்து வெளியேற்றுகிறார்கள்.

வரம்புகள் எவை?

கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல். ஜப்பானியச் சட்டப்படி வெளியேற்றும் நீரில் லீற்றருக்கு 60,000 பெக்கரல் ட்ரிட்டியம் இருக்கலாம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டல் அளவு 10,000. புகுஷிமாவுக்கு விதிக்கப்பட்ட எல்லை 1,500. ஆண்டு மொத்தம் 22 டிரில்லியன் பெக்கரலைத் தாண்டக்கூடாது. ஏனைய கதிரியக்கப் பொருட்கள் ஒவ்வொன்றும் தத்தம் சட்ட எல்லையில் எத்தனை பங்கு என்று கணித்துக் கூட்டினால், வரும் தொகை ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கடல்நீர் கலப்பதற்கு முன்னரே சரியாக வரவேண்டும்.

நீர் வெளியே செல்லுமுன் தாங்கிகளில் நன்கு கலக்கப்பட்டு மாதிரி எடுக்கப்படுகிறது. டெப்கோவுடன் வேறு ஆய்வுகூடங்களும் அதைப் பரிசோதிக்கின்றன. பின்னர் 1 கி.மீ. நீளமான கடலடிச் சுரங்கம் வழியாக நீர் விடப்படுகிறது. நிலையத்திலிருந்து 3 கி.மீ. எல்லைக்குள் கடல்நீரில் ட்ரிட்டியம் 700 பெக்கரலைத் தாண்டினால் வெளியேற்றத்தை நிறுத்த வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகம், தனது 2023 ஜூலை 4 அறிக்கையில் இத்திட்டம் சர்வதேசப் பாதுகாப்புத் தரங்களுக்கு இசைவானது என்றும் மக்களுக்கும் சூழலுக்கும் ஏற்படும் தாக்கம் புறக்கணிக்கத்தக்கது என்றும் கூறியது. அதேவேளை, அது இத்திட்டத்துக்கான சிபாரிசு அல்ல என்றும் குறிப்பிட்டது.

பிறகு ஏன் சந்தேகம்?

சந்தேகத்தின் வேர் கடந்த காலத்தில் இருக்கிறது. தாங்கிகளில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ட்ரிட்டியம் மட்டுமே என்ற எண்ணமே நெடுநாள் நிலவியது. ஆனால் சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ 80 வீதத்தில் வேறு கதிரியக்கப் பொருட்களும் எல்லை மீறியிருந்ததை 2018 செப்டெம்பரில் டெப்கோ ஒப்புக்கொண்டது. அந்நீரை மீண்டும் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. சம்பந்தப்பட்டோரின் புரிந்துணர்வு இன்றி நீரை வெளியேற்றுவதில்லை என்று 2015இல் புகுஷிமா மீனவர் சங்கத்துக்கு வாக்குறுதியும் தரப்பட்டிருந்தது. மீனவர்களின் எதிர்ப்பு நீடிக்கும்போதே வெளியேற்றம் ஆரம்பமானது.

எண்கள் வரம்புக்குள் இருப்பது ஒரு விடயம். எண்களைத் தருபவரை நம்ப முடிவது வேறு விடயம். 2024 செப்டெம்பரில் ஜப்பானும் சீனாவும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. அதன் மையமாக இருந்ததும், ஏனைய நாடுகளின் நிபுணர்களும் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்ற ஏற்பாடுதான்.

நமக்கு என்ன சம்பந்தம்?

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கு தலா 1,000 மெகாவோட் திறனுள்ள இரு உலைகள் இயங்குகின்றன. மேலும் நான்கு கட்டப்படுகின்றன. அது விபத்துக்குள்ளான நிலையமல்ல. புகுஷிமாவுடன் ஒப்பிட்டுப் பீதியைக் கிளப்புவது நியாயமாகாது. ஆனால் மன்னார், கற்பிட்டி மீனவர்கள் தொழில் செய்வதும் அதே வளைகுடாவில்தான். 2015 பெப்ரவரியில் இலங்கையும் இந்தியாவும் கைச்சாத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை, கதிரியக்கக் கழிவு முகாமைத்துவத்தையும் சூழல் பாதுகாப்பையும் உள்ளடக்கியது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வெளியேறும் நீரின் அளவீடுகள் ஒழுங்காகப் பகிரப்பட வேண்டும். நமது கடலில் இன்றுள்ள கதிரியக்க அளவை நமது நிறுவனங்களே அளந்து பதிவு செய்ய வேண்டும். அம்முடிவுகள் கரையோர மக்களுக்குப் புரியும் மொழியில், தமிழிலும் சிங்களத்திலும் வெளியாக வேண்டும். இன்றைய அளவு பதிவில் இல்லையென்றால், நாளை ஒரு மாற்றம் ஏற்பட்டாலும் அதை நிரூபிக்க நம்மிடம் எதுவும் இருக்காது.