கிளாஸ்கோ நகரத்துத் தாய்மார்

ரண சிகிச்சை பெற்ற குழந்தை காயம் ஆறும்வரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்பதும், பெற்றவள் குறித்த நாளில் குறித்த வேளையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் பிரிட்டன் தேசத்தில் மீறலாகாத விதிகளாக வழங்கிய காலத்தில், கிளாஸ்கோ குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜேம்ஸ் நிக்கோல் என்னும் ரண வைத்தியர், அவற்றுக்கு நேர் விரோதமான காரியத்தைப் பத்து வருஷகாலம் இடைவிடாது செய்துவந்தார்.

உதட்டுப் பிளவு, குடலிறக்கம், கோணற்பாதம் முதலிய குறைகளோடு தாய்மார் தூக்கிவந்த சிசுக்களுக்கு அவ்வாஸ்பத்திரியின் வெளிநோயாளர் சாலையிலேயே சிகிச்சை செய்து, கட்டுப்போட்டு, அன்றைக்கே அவர்கள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவ்வாறு தாம் செய்த சிகிச்சைகள் 8,988 என்று 1909-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கூடிய பிரிட்டிஷ் வைத்திய சங்கத்தாருக்கு அவர் தெரிவித்தார்.

கட்டிலில் தனியே கிடத்தப்பட்ட சிசு அழுது புரண்டு காயத்தை அலைக்கழிக்கும். தாயின் கையில் இருக்கும் சிசுவோ பால் குடித்து அயர்ந்து உறங்கும். ஆகையால் அவளினும் சிறந்த தாதி அதற்கு வேறில்லை என்பது அவர் கொள்கை. ஒரு குடும்பம் முழுவதும் ஒற்றை அறைக்குள் ஒடுங்கி வாழ்வது சாதாரணமாயிருந்த நகரம் அது என்பதை நினைக்கும்போதுதான், அந்த ஏழைப் பெண்களிடம் அவர் வைத்த நம்பிக்கையின் பெருமை விளங்குகிறது. அந்நம்பிக்கை வெறும் தாராள மனப்பான்மையன்று. ஆஸ்பத்திரித் தாதியர் வீடு தேடிச் சென்று கட்டுகளைக் கவனித்தார்கள். பால்குடி மறவாத குழந்தைகளும் அவர்களுடைய தாய்மாரும் தங்குவதற்கென்று, ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு சிறு வீட்டையும் அவர் வைத்திருந்தார்.

இத்தனை தெளிவாக நிரூபிக்கப்பட்ட விஷயத்தை வைத்திய உலகம் பெரும்பாலும் அசட்டை செய்துவிட்டது வருத்தத்துக்குரியது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் குழந்தை வைத்தியர் தாயையும் சேயையும் ஒருங்கே அனுமதித்தார். நியூசிலாந்தில் பிக்கரில் என்னும் ரண வைத்தியத் தம்பதியரும் அவ்வாறே செய்தனர். ஆயினும், 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த திரைப்படத்தில், சிறியதொரு தொப்புள் குடலிறக்கத்துக்காக லண்டன் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் அடக்கிக்கொண்ட துயரத்தைக் கண்ணாரக் கண்ட பிறகும், அப்படம் மிகையானது என்று சினந்த வைத்தியர்கள் பலர். தாயார் எந்நேரமும் வந்து பார்க்கலாம், தவிர்க்கக் கூடுமானால் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கவே வேண்டாம் என்று ஹாரி பிளாட் என்னும் ரண வைத்தியரின் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு சிபாரிசு செய்தது 1959-இல். நிக்கோல் பெல்பாஸ்டில் பேசிச் சரியாக ஐம்பது வருஷம் கழித்து.

இன்று சிகிச்சை முடிந்த குழந்தையை விரைவில் வீட்டுக்கு அனுப்புவது பல தேசங்களிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் தாய்க்கு வேண்டிய உபதேசத்தையும் தாதியின் வருகையையும் நீக்கிவிட்டுக் குழந்தையை மட்டும் அனுப்பிவைப்பது நிக்கோலின் முறை ஆகாது.